கட்டிலுக்கும் டொக்டருக்கும் நடுவில்

உரைபெயர்ப்பாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளோடு கொஞ்ச நேரம் கதைக்க வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். "உங்களுக்குப் பிடித்த தொழிலை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லுங்கள் அக்கா, இவர்களுக்கு உற்சாகமாக இருக்கும்" என்றார் அழைத்தவர். கண்டுபிடித்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபத்தேழு வருடம் அதை ஒளித்து வைத்திருந்தவள் நான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் நான் செய்த பெரிய பிழை ஒன்றும் வரும். அதைச் சொல்லாமல் விட்டால் இங்கே வந்ததில் பிரயோசனம் இல்லை.

என் அப்பா மலைப்பக்கத்துச் சிங்கள ஊர் ஒன்றில் பேக்கரியில் வேலை செய்தார். நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். வீட்டுக்குள் தமிழ், படலையைத் தாண்டினால் சிங்களம். எது எந்த மொழி என்று தெரியாமலே இரண்டையும் பேசினேன். எனக்குப் பதின்மூன்று வயதில் கலவரம் வந்தது. பேக்கரி எரிந்தது. உடுத்த உடுப்போடு அம்மாவின் ஊரான கல்லடிக்கு வந்து சேர்ந்தோம். வரும் வழியில் பஸ்ஸுக்குள் வைத்தே அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துச் சொன்னார்:

"இனி அந்தப் பாஷை உன்ட வாயில வரப்படா. விளங்கினதா?"

விளங்கியது. அப்பா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. நான் படித்தேன், ஒரு திணைக்களக் காரியாலயத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன், கல்யாணம் முடித்தேன், ஒரு மகள் பிறந்தாள். கொழும்பிலிருந்து சிங்களத்தில் கடிதங்கள் வரும். வாசிக்க ஆள் இல்லாமல் அவை தலைமை எழுதுவினைஞரின் மேசையில் கிழமைக்கணக்கில் கிடக்கும். என் மேசை அவருக்கு எதிரே. கடிதங்களைத் தலைகீழாகவே நான் வாசித்துவிடுவேன். எந்தப் பாலத்துக்கு அனுமதி கிடைத்தது, யாருக்கு இடமாற்றம் வந்தது என்று எல்லாருக்கும் முன்னால் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு பேசாமல் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருப்பேன். சிங்களம் தெரிந்த தமிழர் என்றால் சந்தேகமாகப் பார்த்த காலம் அது. அம்மாவின் பயமும் சேர்ந்துகொண்டது. வேலை எனக்குப் பிடித்ததா என்று யாராவது கேட்டிருந்தால் திகைத்திருப்பேன். பென்சன் உள்ள வேலையைப் பற்றி அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை அதெல்லாம் முடிந்தது.

எங்கள் வீடு வாவிப் பக்கமாக இருந்தபடியால் அம்மா, கணவர், மகள், நான் நாலு பேரும் உயிரோடு பாலத்தைக் கடந்தோம். எங்களுக்குக் கிழக்கே, கடல் பக்கமாக இருந்த ஒழுங்கையில் அப்படிக் கடந்தவர்கள் குறைவு. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களை இருத்தினார்கள். மூன்றாம் நாள் காலை தெற்கிலிருந்து ஒரு லொறி வந்தது. மருந்துப் பெட்டிகள், இரண்டு இளைஞர்கள், ஒரு சிங்கள டொக்டர். அவர்களோடு வந்த தமிழ் தெரிந்த ஒருவரை அடுத்த முகாமுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். டொக்டர் கையாலும் கண்ணாலும் பேசி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிங்களம் தெரிஞ்ச ஆராவது இரிக்கிறீங்களா?" என்று கிராம சேவகர் இரண்டு தரம் வந்து கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா. அவரும் நிலத்தைத்தான் பார்த்தார்.

பத்து மணியளவில் குருக்கள்மடத்தைச் சேர்ந்த ஒரு தாய் ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை கடல் தண்ணீர் குடித்திருந்தது. காய்ச்சல், நெஞ்சில் கரகரவென்று சத்தம். டொக்டர் பார்த்தார், ஊசியை எடுத்தார். அதைக் கண்டதும் தாய் பதறினாள்.

"ஐயா, இந்த ஊசி புள்ளைக்கு ஒத்துக்கொள்ளா. போனமுறை போட்டு மூஞ்செல்லாம் வீங்கி, மூச்சு அடைச்சிப் போனது. போடாதீங்க ஐயா!"

பிள்ளைக்கு வலிக்கும் என்று தாய் பயப்படுவதாக டொக்டர் நினைத்துவிட்டார். "பயப்படாதீர்கள் அம்மா, எறும்பு கடித்த மாதிரித்தான்" என்று சிங்களத்தில் அன்பாகச் சொன்னார். அவர் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை. அவள் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. அந்த மண்டபத்தில் இரண்டும் விளங்கியது எனக்கும் என் அம்மாவுக்கும் மட்டும். இளைஞர்கள் பிள்ளையின் கையைப் பிடித்தார்கள்.

"பொட்டக் இன்ன, டொக்டர்!"

கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். என் குரல்தான். நான் எழுந்து நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை. தாய் சொன்னதைச் சொன்னேன். டொக்டரின் கை நின்றது. முகம் வெளுத்தது. எந்த ஊசி, எப்போது போட்டார்கள், மூச்சு எவ்வளவு நேரம் அடைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் கேட்டேன், சொன்னேன், திரும்பக் கேட்டேன். வேறு மருந்து கொடுத்தார்கள். பிள்ளை பிழைத்தது.

பொழுது சாயும்வரை அவர் பக்கத்தில் நின்றேன். போகும்போது டொக்டர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பேசுகிறீர்கள்." உண்மைதான். என் சிங்களம் பதின்மூன்று வயதிலேயே நின்றுபோயிருந்தது. விளையாட்டுக்கும் சண்டைக்கும் சொல் இருந்தது. ஈரலுக்கும் குடலிறக்கத்துக்கும் சொல் இல்லை.

பாயில் வந்து உட்கார்ந்தபோது அம்மா என்ன சொல்வாரோ என்று பயமாக இருந்தது.

"உன்ட அப்பா கதைக்கிற மாதிரியே கதைக்கிறாய்" என்றார் அவர்.

தம்பி தங்கைகளே, இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. சுற்றி எல்லாரும் பிள்ளைகளைத் தேடி அழுதுகொண்டிருந்த நாட்களில் நான் விடியும்போது ஆசையோடு எழுந்தேன். இன்றைக்கும் லொறி வருமா என்று ரோட்டைப் பார்த்தேன். இவ்வளவு அழிவுக்கு நடுவில் இப்படி ஒரு மகிழ்ச்சி வரலாமா என்று என்னையே வெறுத்தேன். பிறகு விளங்கியது, அந்த மகிழ்ச்சி அழிவைக் கண்டு வந்ததல்ல. நாற்பது வயதில் முதல்தரம் என்னுடைய முழு உடம்பும் ஒரு வேலையைச் செய்தது. உங்களுக்கும் ஏதாவது அகாலத்தில் அப்படி வந்தால் அதைத் தண்டிக்க வேண்டாம். பத்திரமாக வைத்திருங்கள்.

சில மாதத்துக்குப் பிறகு நான் காரியாலயத்தில் ஒரு வருடம் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு, எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தற்காலிக உரைபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். தெற்கிலிருந்து வரும் டொக்டர்மாருக்கு நோயாளிகளின் தமிழ் விளங்காது. ஏறாவூர், காத்தான்குடிப் பக்கத்து முஸ்லிம்கள் பேசுவது ஒரு மாதிரி, உள்ளூர் வயல்காரர் பேசுவது இன்னொரு மாதிரி. தாதிமார் வேலைக்கு நடுவே ஓடி ஓடி மொழிபெயர்ப்பார்கள். நான் கொப்பி ஒன்றை மூன்றாகப் பிரித்துச் சொற்களை எழுதினேன்: டொக்டர் சொல்வது, புத்தகத்தில் உள்ளது, நோயாளி சொல்வது. இரவல் வாங்கிய சிங்கள உடற்கூற்றுப் பாடப்புத்தகத்தை மகளோடு சேர்ந்து குந்தியிருந்து படித்தேன். அவள் கணக்குச் செய்வாள், நான் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்வேன். ஆறு மாதத்தில் என் சிங்களம் பெரிய மனிசியாகிவிட்டது. அந்தத் திமிரோடுதான் அந்தப் பிழையைச் செய்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் வந்திருந்தார். சிங்களப் பெண், என்னைவிட எட்டு ஒன்பது வயது குறைவு. கூர்மையாகப் பேசுவார். நோயாளியிடம் விஷயத்தைச் சுற்றி வளைக்கமாட்டார். அவர் சிங்களத்தில் சொன்னவற்றையெல்லாம் இங்கே தமிழில் சொல்கிறேன்.

வெல்லாவெளியிலிருந்து சாமித்தம்பி அண்ணன் என்ற வயல்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நீரிழிவுக்காரர். வயலில் காலில் ஏறிய ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அப்படியே சேற்றில் நின்றிருக்கிறார். பாதம் கறுத்துவிட்டது. டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"இன்றைக்கே கணுக்காலுக்கு மேலே எடுக்கவேண்டும். வீட்டுக்குப் போனால் முழங்காலும் போகும், உயிரும் போகலாம். சொல்லுங்கள்."

நான் சாமித்தம்பி அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். பக்கத்தில் அவருடைய மனைவி கூடையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்றார். வயலைப் பற்றி முதலே சொல்லியிருந்தார்கள். நெல் விளைந்து நிற்கிறது, வெட்டுக்கு நாள் குறித்தாயிற்று. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு "உயிரும் போகலாம்" என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை.

"அண்ணன், காலைக் கொஞ்சம் எடுத்தா நல்லமெண்டு டொக்டர் சொல்றா. கெதியாச் செய்தா நல்லமாம்" என்றேன்.

எடுத்தால் நல்லது. விரைவாகச் செய்தால் நல்லது. அவ்வளவுதான். பொய் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அப்ப வெட்ட முடிச்சிட்டு வாறன் புள்ள. நாலு நாள்தானே" என்றார் அவர்.

நோயாளி நெல் வெட்டு முடிந்து வருவதாகச் சொல்கிறார் என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் திகைத்துப்போய், "நான் சொன்னது விளங்கியதா என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன். "விளங்கினது, விளங்கினது" என்று அண்ணன் தலையாட்டினார். நான் சொன்னது அவருக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. டொக்டர் சொன்னது அவரிடம் போய்ச் சேரவேயில்லை. விருப்பமில்லாதவரைப் பிடித்து வைக்க முடியாது. கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் அவரைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். காய்ச்சலில் பிதற்றினார். முழங்காலுக்கு மேலே எடுக்கவேண்டி வந்தது. உயிர் தப்பியது.

ஒரு கிழமை நான் அந்த வார்டுக்குப் போகாமல் சாட்டுச் சொல்லித் தப்பிக்கொண்டேன். பிறகு ஒருநாள் மத்தியானம் போய் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு டொக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்பதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பிடியா சொன்னவ?"

"ஓம் அண்ணன்."

"அத எனக்குச் சொல்லியிரிக்கலாமே புள்ள" என்றார். ஏசவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "நான் நிண்டிருப்பேனே. வெட்ட என்ட மச்சினன் பாத்திருப்பான்."

அவருடைய மனைவி தலையைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா கடைசிவரை என்னோடு பேசவில்லை. பேசாதது சரிதான்.

அங்கிருந்து நேரே டொக்டரின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். வேலையை விட்டுப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தார். அவருடைய கோபம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று கோபிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒரு முழங்கால்" என்றார். "முழங்கால் இருந்தால் செயற்கைக் காலோடு வயல் வரம்பில் நடந்திருப்பார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என் பேச்சு கடுமையானது என்று உங்களுக்குத் தோன்றியதா?"

"ஓம், டொக்டர்."

"கடுமைதான். எனக்கும் தெரியும். இனிமேல் அப்படித் தோன்றினால் என்னிடம் சொல்லுங்கள். 'டொக்டர், இதை இப்படிச் சொன்னால் இந்த மனிதர் தாங்கமாட்டார்' என்று சொல்லுங்கள். நான் என் வார்த்தையை மாற்றுகிறேன். அதை மாற்றும் உரிமை எனக்கு. உங்களுக்கு இல்லை." பேனையைத் திரும்ப எடுத்தார். "போவதா இருப்பதா என்பது உங்கள் விருப்பம். நாளைக்கு எட்டு மணிக்கு வார்ட் பார்க்க வருவேன்."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த தொழிற்கல்வி அவ்வளவுதான். என்னைவிட இளையவர் ஒருவரிடம், தலையைக் குனிந்துகொண்டு, ஐந்து நிமிடத்தில் படித்தேன்.

லீவு முடிய அப்போது மூன்று கிழமை இருந்தது. காரியாலயத்துக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் இராஜினாமா எழுதிக்கொடுக்க வேண்டும். வீட்டில் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததைப் பார்த்துக் கணவரே கேட்டார்.

"பழைய வேலைக்குத்தானே போகப் போறாய்? இந்த வேலைல உனக்கு நிம்மதி இல்லையே. சாப்பிடுறாயில்ல."

அவருக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கே தெளிவானது. காரியாலயத்தில் பதினெட்டு வருடம் இருந்தேன். எத்தனையோ கடிதங்களைப் பிழையாக அனுப்பியிருக்கிறேன். ஒன்றுகூட என்னை ஒரு கவளம் சோறு குறைவாகச் சாப்பிட வைத்ததில்லை. இங்கே ஒரு மனிதரின் முழங்காலுக்காக என் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

"அது ஏனெண்டு நினைக்கிறீங்க?" என்றேன். "இதுதான் என்ட வேலை. அதனாலதான்."

அவர் தபால் கந்தோரில் வேலை செய்பவர். நிதானமான மனிதர். "பென்சனை விட்டுப்போட்டுக் கொன்றாக்ட் வேலைல நிக்கப் போறாய்" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் இராஜினாமாக் கடிதத்தை அவரே பதிவுத்தபாலில் சேர்த்தார்.

உங்களுக்குப் பிடித்த தொழில் எது என்று அறிய, எதில் சந்தோஷம் வருகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். சந்தோஷம் எனக்கு முகாமிலேயே வந்துவிட்டது. ஆனால் அதை நம்பி நான் பென்சனை விட்டிருக்கமாட்டேன். எதில் விட்ட பிழையை என்னால் உதறிவிட்டுப் போக முடியவில்லை என்று பார்த்தபிறகே விட்டேன்.

அந்தத் தெரிவு எனக்கு லேசாக இருக்கவில்லை. யுத்தம் திரும்ப மூண்ட காலம். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் எங்கள் படலையில் நின்று, "உங்கட மனிசி சிங்களத்தில ஆரோட கதைக்கிறா?" என்று கணவரிடம் மரியாதையாகவே கேட்டுவிட்டுப் போனார். இன்னொரு நாள் சீருடைக்காரர் ஒருவர் வார்டுக்கு வந்து, ஒரு நோயாளியிடம் சில கேள்வி கேட்கவேண்டும், மொழிபெயர்த்துத் தா என்றார். "நான் ஆஸ்பத்திரியின் ஆள், சேர். நோயாளிக்கும் வைத்தியம் பார்ப்பவர்களுக்கும் நடுவில் மட்டும்தான் பேசுவேன். வேறு தேவையென்றால் டொக்டரிடம் கேளுங்கள்" என்றேன். படலையில் நின்றவருக்கும் கணவர் இதே பதிலைத்தான் சொல்லியிருந்தார். இரண்டு பக்கத்தாருக்கும் ஒரே பதில் என்பதால் தப்பினேன் என்று நினைக்கிறேன். உங்கள் எல்லையை முதல் நாளே வரைந்துகொள்ளுங்கள். பயம் வந்தபிறகு வரைந்தால் கோடு வளையும்.

யுத்தம் முடிந்த வருடம் வன்னியிலிருந்து காயப்பட்டவர்களை நாட்டின் பல ஆஸ்பத்திரிகளுக்கும் பிரித்து அனுப்பினார்கள். எங்களிடம் வந்தவர்களில் வதனி என்ற பெண்பிள்ளை ஒருத்தி. பத்தொன்பது வயது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. தோளில் செல் குண்டுத் துண்டு. கூட வந்தவர்கள் யாருமில்லை. தாயைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அவள் பேசவில்லை. ஒரு நாளல்ல, இரண்டு நாளல்ல, ஒன்பது நாள். கேள்வி கேட்டால் சுவரைப் பார்ப்பாள். செல் சத்தத்தில் காது போயிருக்குமோ என்று டொக்டர் சந்தேகப்பட்டார். அதே சத்திரசிகிச்சை நிபுணர்தான். இந்த நாலு வருடத்தில் அவர் கொஞ்சம் மென்மையாகியிருந்தார், நான் கொஞ்சம் கடுமையாகியிருந்தேன்.

"என்ன சொல்கிறாள்?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார்.

"ஒன்றும் சொல்லவில்லை, டொக்டர்" என்பேன். பயந்திருக்கிறாள், கவலையில் இருக்கிறாள் என்று ஊகித்துச் சொல்ல வாய் துடிக்கும். சொல்லமாட்டேன். அவள் சொல்லாததை நான் சொல்லக்கூடாது.

பத்தாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் டொக்டரோடு சிங்களத்தில் பேசும்போது அவளுடைய நல்ல கை போர்வையை இறுக்கிப் பிடித்தது. காது கேட்கிறது. கேட்பதுதான் பயம். அவள் தலைக்கு மேலே ஒரு மொழி ஓடிக்கொண்டிருக்கிறது. தன்னைப் பற்றித்தான் ஏதோ முடிவு செய்கிறார்கள், இந்த மனிசி எங்கள் ஆளா அவர்கள் ஆளா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய இடத்தில் இருந்தால் நானும் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

அன்று முதல் ஒரு வேலை செய்தேன். அவள் கட்டிலைச் சுற்றிச் சிங்களத்தில் பேசப்பட்ட எல்லாவற்றையும், எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும், உரத்துத் தமிழில் சொன்னேன். "டொக்டர் சொல்றா, இந்தப் பேனை எழுதுதில்லையாம்." "தாதி கேக்கா, யன்னலை ஆர் திறந்ததெண்டு." "டொக்டருக்கு இடுப்பு நோகுதாம். மாமியார் வாறாவாம், அதுதான் நோகுதோ தெரியா எண்டு சொல்லிச் சிரிக்கா." டொக்டர் முதலில் விநோதமாகப் பார்த்தார். காரணத்தைச் சொன்னதும், "அப்படியானால் மாமியாரைப் பற்றி இன்னும் நிறைய இருக்கிறது" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அவள் கை போர்வையை மெல்ல விட்டது.

நாலாம் நாள் பகல். சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சிங்களப் பெண், நாளைக்கும் பூசணிதான் என்று தாதியிடம் அலுத்துக்கொண்டாள். நான் வழக்கம்போலச் சொன்னேன்:

"நாளைக்கும் பூசணிக்காய் ஆணம்தானாம்."

"ஆணம் எண்டால் என்ன?"

யார் கேட்டது என்று தெரியாமல் திரும்பினேன். வதனி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று நாள் பேசாத குரல், கரகரவென்று.

"குழம்பு" என்றேன். "எங்கட பக்கம் ஆணமெண்டு சொல்லுவம்."

"நாங்கள் அப்பிடிச் சொல்லமாட்டம்" என்றாள் வதனி.

சிங்களத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்த எனக்குத் தமிழையே தமிழாக்க வேண்டியிருந்தது. தாதி ஓடிப்போய் டொக்டரைக் கூட்டி வந்தாள். "என்ன சொல்கிறாள், என்ன சொல்கிறாள்?" என்று அவர் வாசலிலேயே கேட்டார். "எங்கள் ஊர்த் தமிழ் பிழையாம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கேள்விகளால் எங்களைத் துளைத்தாள். முதல் கேள்வி கையைப் பற்றியது. "எழுதலாமோ எண்டு கேளுங்கோ அக்கா. அவ சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "பழையபடி எழுத முடியாது என்று முதலில் சொல்லட்டுமா, பயிற்சியைப் பற்றி முதலில் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"உள்ளதை அப்படியே சொல்லச் சொல்கிறாள், டொக்டர். அப்படியே சொல்லுங்கள்."

சொன்னார். நானும் சொன்னேன். பழையபடி முடியாது. ஒரு வருடம் பயிற்சி செய்தால் பேனையைப் பிடிக்கலாம், எழுத்துக் கோணலாகத்தான் வரும், அதற்குள் இடது கையைப் பழக்கினால் நல்லது. வதனி அழுதாள். நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு கொப்பி கேட்டாள்.

அந்தக் கொப்பியில் இடது கையால் சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதத் தொடங்கினாள். ஒரு கிழமை கழித்து, "டொக்டரிட்ட ஒண்டு நானே கேக்கப்போறன். நீங்கள் பேசாமல் நில்லுங்கோ" என்றாள். வார்ட் பார்க்க வந்த டொக்டரிடம் தான் பாடமாக்கிய சிங்கள வசனத்தைச் சொன்னாள். வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்கத்தான் நினைத்திருந்தாள். பயத்தில் 'எப்போது' என்ற இடத்தில் 'எங்கே' என்ற சொல் வந்து விழுந்துவிட்டது. வீட்டுக்கு எங்கே போகலாம்?

தாதிமார் சிரிக்கவில்லை. டொக்டர் என் பக்கம் திரும்பி, "எப்போது என்கிறாளா, எங்கே என்கிறாளா?" என்று மெல்லக் கேட்டார். எனக்குப் பதில் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வதனியைக் கேட்டேன்: "நீ எங்க எண்டு கேட்டிட்டாய். எப்ப எண்டுதானே கேக்க வந்தனீ?"

அவள் கொப்பியை மூடிவைத்தாள்.

"ரெண்டையும் கேட்டதாச் சொல்லுங்கோ அக்கா."

சொன்னேன். டொக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "எப்போது என்றால், இன்னும் மூன்று கிழமை. எங்கே என்றால், எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கிறேன்." தெரியாது என்ற சொல்லையும் நான் இறக்கிவைக்கவில்லை. அப்படியே கொடுத்தேன். வதனி தலையாட்டினாள்.

டொக்டர் தேடினார். நானும் கடிதம் எழுதினேன், சிங்களத்திலும் தமிழிலும். பதினெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவளுக்கு எந்தக் கடிதம் எந்த மேசையில் தூங்கும் என்று தெரியும். தூங்கவிடாமல் எழுதினேன். நாலாம் கிழமை, வடக்கில் ஒரு முகாமிலிருந்து தாய் கிடைத்த செய்தி வந்தது. அடுத்த மாதம் அவரைக் கூட்டி வருவதற்கு அனுமதியும் வந்தது. அதுவரை வதனியை வார்டிலேயே வைத்திருக்க டொக்டர் ஏதேதோ மருத்துவக் காரணம் எழுதினார். அதை மட்டும் யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

தாய் வந்த அன்று டொக்டரும் நானும் வார்ட் வாசலில் நின்றோம். மெலிந்த மனிசி, கையில் ஒரு பொலித்தீன் பை. கட்டிலுக்கு அருகே போய் மகளின் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பேசத் தொடங்கினார். நிறுத்தாமல் பேசினார். வதனியும் நடுவில் ஏதோ சொன்னாள்.

டொக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார்.

அது ஒரு தாயும் மகளும் பேசுவது, கேட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு வதனியைப் பார்த்தேன். டொக்டர் கேட்டது அவளுக்கு விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டு, சொல்லுங்கோ என்று தலையசைத்தாள்.

"தலையை ஏன் இப்படிச் சிக்காக வைத்திருக்கிறாய், இத்தனை பேர் இருக்கிற இடத்தில் ஒரு சீப்புக் கேட்டு வாங்கத் தெரியாதா என்று தாய் ஏசுகிறார், டொக்டர்" என்றேன். "வலது கையில் விரல் இல்லை அம்மா என்கிறாள் மகள். இடது கையில் அஞ்சும் இருக்குத்தானே என்கிறார் தாய்."